இன்ஸ்பெக்டர் யார் ஆள்?

மந்தாரக்குப்பம் கடைவீதியில் சென்ற வாரம் ஒரு வாலிபர் நம்மை நிறுத்தினார். நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு காண்டிராக்ட் தொழிலாளியின் மகன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாகிறது, வேலை இல்லை. கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். கப்பல்களையும், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளையும் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். முடித்தவர்களுக்கு வளைகுடா நாடுகளில் உத்தியோகம், கை நிறையச் சம்பளம் என்று நோட்டீஸ் சொல்லிற்று.

"அப்பா உங்களைக் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு தோழர். சேரலாமா?"

"சேர்ந்து பாஸ் பண்ணினா உனக்கு யார் தம்பி சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்டோம்.

"பரிசோதனை பண்ற கம்பெனி."

"அந்தக் கம்பெனிக்குப் பணம் யார் கொடுக்கிறது?"

"கப்பல் முதலாளிதான்."

சொன்னவர் தாமே சிரித்துவிட்டார். நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்து மார்க் வாங்குகிற ஏற்பாடு கப்பலில் மட்டும் நடக்கவில்லை. நாம் நின்று பேசிய இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற புகைபோக்கிகளின் கீழும் அதே கேள்விதான் நிற்கிறது. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த வேலை என்ன வேலை என்று ஆலைத் தோழர்களுக்கும் வயலில் பாடுபடும் தோழர்களுக்கும் சொல்லிவிடுவோம். கப்பல் என்பது இரும்புப் பெட்டி. கடலின் உப்பு இரவும் பகலும் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. மேலே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். இன்ஸ்பெக்டர் சுத்தியலும் விளக்குமாகக் கப்பலின் தொட்டிகளுக்குள் இறங்குகிறார். தட்டிப் பார்க்கிறார்; நல்ல தகடு ஒரு மாதிரி ஒலிக்கும், செத்த தகடு வேறு மாதிரி ஒலிக்கும். ஒலி அலையை உள்ளே செலுத்தித் தகட்டின் கனத்தை அளக்கும் கருவியும் இன்று உண்டு. வெல்டிங் இணைப்புகளில் சிவப்பு மையைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மருந்தைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் மயிரிழை போலச் சிவப்பாக எழுந்து நிற்கும். உயிர்காக்கும் படகு இறங்குகிறதா, தீயணைக்கும் பம்பு ஓடுகிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். எண்ணெய் மேடையென்றால் அதன் கால்கள் கடலுக்கடியில் ஊன்றியிருக்கும்; கயிற்றில் தொங்கியும், நீரில் மூழ்கியும் பார்க்க வேண்டும்.

ஆபத்தும் குறைவில்லை. மூடிக்கிடந்த இரும்புத் தொட்டியில் துருவே பிராணவாயுவைத் தின்றுவிடும். நெருப்பு இராது, நாற்றம் இராது. இறங்கிய ஆள் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவனும், அவனைத் தூக்க இறங்கியவனும் சேர்ந்து செத்த கதை நம் கிராமங்களில் எத்தனை! அதே சாவுதான் கப்பல் தொட்டியிலும் நிகழ்கிறது. ஆகவே அந்த இன்ஸ்பெக்டரும் உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பாளிதான். அவர் மீது நமக்கு வழக்கில்லை. அவர் எழுதும் சர்டிபிகேட் யாருக்காக எழுதப்படுகிறது என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கு பழையது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கப்பல் முதலாளிகள் ஒரு நூதனமான லாபவேட்டை நடத்தினார்கள். ஓட்டைக் கப்பலைப் பிடித்து, தாங்காத பாரம் ஏற்றி, அதன் விலைக்கு மேலாகவே இன்ஷூரன்ஸும் செய்துவிடுவார்கள். கரை சேர்ந்தால் சரக்கு லாபம். மூழ்கினால் இன்ஷூரன்ஸ் லாபம். மூழ்குகிறவர்கள் மாலுமிகள்தானே! அந்தக் கப்பல்களுக்கு ஜனங்கள் வைத்த பெயர் சவப்பெட்டிக் கப்பல்கள். வேலைக்கு ஒப்புக்கொண்ட மாலுமி, கப்பலின் லட்சணத்தைப் பார்த்தபின் ஏற மறுத்தால் அவனுக்கு ஜெயில். ஆம், ஏற மறுத்ததற்காகவே நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். ஏற்றியவனுக்கு லாபம், ஏற மறுத்தவனுக்கு விலங்கு!

சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்ட் மெம்பர் 1873ல் இந்த அக்கிரமத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். அவர் நிலக்கரி வியாபாரி, தொழிலாளி அல்ல. ஆனால் தொழிற்சங்கங்கள் அவருக்குப் பக்கபலமாக நின்றன. 1875ல் சபையிலேயே கப்பல் முதலாளி மெம்பர்களை நோக்கிக் கத்திக் கலாட்டா செய்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1876ல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் வட்டமும் குறுக்குக்கோடும் போட வேண்டும். கோடு தண்ணீரில் முழுகும்படி பாரம் ஏற்றக் கூடாது. இன்றும் எந்தத் துறைமுகத்திலும் கப்பலின் விலாவில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

இங்கேதான் வேடிக்கை. கோட்டைப் போடு என்று சொன்ன சட்டம், எங்கே போடுவது என்பதைக் கப்பல் முதலாளியின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது! அவன் எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். கோடு உண்டு, சட்டம் உண்டு, இன்ஸ்பெக்டர் உண்டு. மூழ்குகிற மாலுமியும் உண்டு. கோட்டின் இடத்தைச் சட்டமே நிர்ணயிக்க 1890 வரை, பதினான்கு வருஷம் பிடித்தது. பாதுகாப்புச் சட்டம் என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், 'கோட்டை யார் போடுகிறான்?' என்று முதலில் கேட்கத் தோழர்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

டைட்டானிக் கப்பலைச் சினிமாவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1912 ஏப்ரலில் சுமார் 2,200 பேருடன் போயிற்று. 1,500 பேர் அளவுக்கு மாண்டனர். அதில் இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். சட்டத்தை மீறினார்களா? இல்லை! சட்டப்படி 16 படகு போதும். பத்தாயிரம் டன்னுக்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலானாலும் ஒரே கணக்கு என்று 1894ல் எழுதிய விதி. கப்பல் 46,000 டன்னாக வளர்ந்தும் விதி வளரவில்லை. புறப்படுமுன் கப்பலைச் சோதித்த சர்க்கார் இன்ஸ்பெக்டர், படகுகள் இன்னும் பாதி மடங்கு அதிகம் வேண்டும் என்று தம் குறிப்பில் எழுதி வைத்திருந்தார் என்பது, அந்தக் குறிப்புகள் நூறு ஆண்டு கழித்து 2012ல் ஏலத்துக்கு வந்தபோது பத்திரிகைகளில் வெளியாயிற்று. அனுமதியில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். கண் இருந்தது, கப்பலை நிறுத்தும் கை இல்லை.

அது பழங்கதை என்று தள்ள முடியாது. இன்று உலகில் ஓடும் கப்பல்களில் பெரும்பகுதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று சில நாடுகளின் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. முதலாளி ஒரு தேசம், மாலுமி ஒரு தேசம், கொடி மட்டும் வாடகைக்கு. கப்பலைச் சோதித்துச் சர்டிபிகேட் கொடுக்கும் ஸ்தாபனங்கள் தனி. அவற்றுக்குக் கட்டணம் கட்டுவது கப்பல் முதலாளி. ஒரு ஸ்தாபனம் கண்டிப்புக் காட்டினால் வேறொன்றிடம் போகலாம். 1999 டிசம்பரில் பிரான்ஸ் கடற்கரைக்கு அருகே எரிக்கா என்ற 24 வயது எண்ணெய்க் கப்பல் இரண்டாக முறிந்தது. அதற்கும் சர்டிபிகேட் இருந்தது. எண்ணெய்க் கம்பெனியோடு சேர்த்து, சர்டிபிகேட் கொடுத்த இத்தாலிய ஸ்தாபனமும் குற்றவாளி என்று பாரிஸ் கோர்ட்டு 2008ல் தீர்ப்பளித்தது. 2012ல் மேல்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அபூர்வமான தீர்ப்பு. அபூர்வம் என்பதுதான் துயரம்.

நார்வேயின் கடலில் 1980 மார்ச் 27ந் தேதி, எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு மிதக்கும் மேடையின் ஐந்து கால்களில் ஒன்று முறிந்து மேடை கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் மாண்டனர். அலெக்சாண்டர் கீலண்ட் என்பது மேடையின் பெயர். ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டிங்கிலிருந்து விரிசல் கிளம்பியது என்று விசாரணையில் கண்டுபிடித்தார்கள். அந்த விரிசலுக்குள்ளே பெயிண்ட் இருந்தது! அதாவது மேடை கடலுக்குப் போகுமுன்பே, கட்டும் இடத்திலேயே விரிசல் விழுந்திருக்கிறது. அதன் மீது பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

நம் கரைக்கு வருவோம். 2012 அக்டோபர் 31ந் தேதி நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டுச் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் வந்து தரைதட்டியது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. கப்பலில் 37 பேர். பலர் உயிர்காக்கும் படகில் இறங்க, அந்தப் படகே கவிழ்ந்தது. குப்பத்து மீனவர்கள் கொந்தளிக்கும் கடலில் பாய்ந்து பலரைக் கரைசேர்த்தார்கள். அப்படியும் ஆறு வாலிபர்கள் மாண்டனர். மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி, சாப்பாட்டுக்கும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு என்று பிழைத்த மாலுமிகள் சொன்னார்கள். சம்பளம் இல்லாத கப்பல், சோறு இல்லாத கப்பல், துறைமுகத்துக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றுகொண்டுதான் இருந்தது. மாலுமியின் வயிறு ஒட்டியிருப்பது எந்தக் கருவியிலும் பதிவாகாது போலும்!

2021 மே மாதம் பம்பாய்க்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யும் ஆட்கள் தங்கியிருந்த பி-305 என்ற தெப்பக் கப்பல் டவ்தே புயலில் மூழ்கியது. 261 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. உயிர்மிதவைகள் பல ஓட்டையாகக் கிடந்தன என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். புயல் வருமென்று ரேடியோவும் டெலிவிஷனும் நாள்கணக்கில் கூவியும் அந்தத் தெப்பம் கரைக்குத் திரும்பவில்லை. அதில் இருந்தவர்களும் காண்டிராக்ட் தொழிலாளர்களே. நம் தம்பிக்கு நோட்டீஸ் காட்டும் உத்தியோகம் இத்தகைய இடங்களில்தான்.

இதற்கும் மந்தாரக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கப்பலும் பாய்லரும் கூடப் பிறந்தவை. 1865 ஏப்ரலில் அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். யுத்தத்தில் பிடிபட்டு விடுதலையாகி வீடு திரும்பிய சிப்பாய்கள். 376 பேருக்கு அனுமதி பெற்ற கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடைத்திருந்தார்கள், தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் பணம் கொடுத்ததால். ஒழுகிய பாய்லரின் தகட்டை மாற்றினால் நாளாகும், ஆட்கள் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள் என்று ஒட்டுப்போட்டுக் கிளப்பினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1863ல், நமது கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1864ல் வங்காளத்தில் பாய்லர் இன்ஸ்பெக்ஷன் சட்டம் வந்தது. பிறகு மாகாணத்துக்கு ஒன்றாக வந்து, கடைசியில் 1923ல் தேசம் முழுவதற்குமான சட்டம் ஆயிற்று. அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் செத்த தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. துரைமார் தயவில் வந்ததல்ல.

வயல் தோழர்களுக்கு ரைஸ்மில் பாய்லர் தெரியும். நெல் அவிக்க ஆவி கொடுப்பது. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியே விடும்படி ஒரு வால்வு உண்டு. ஆவி வீணாகிறதே என்று அதன் மேல் பாரம் வைத்துக் கட்டிவிடுகிற முதலாளிகளைப் பற்றியும் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அனல்மின் நிலையத்துப் பாய்லரும் அதே சாதிதான். பல மாடி உயரம், அவ்வளவே.

2020 மே 7ந் தேதி நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தின் ஆறாவது யூனிட்டில் பாய்லர் பகுதியில் வெடிப்பு. எட்டுப் பேர் தீயில் கருகினர். அவர்களில் சிலர் பிழைக்கவில்லை. கமிட்டி, விசாரணை, நஷ்ட ஈடு என்று அறிவிப்புகள் வந்தன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1ந் தேதி காலை, பக்கத்து யூனிட்டான ஐந்தாவதில் மீண்டும் வெடிப்பு! ஆறு பேர் அங்கேயே மாண்டனர். படுகாயமடைந்தவர்கள் சென்னை ஆஸ்பத்திரியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். அந்த மாதம் முழுவதும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாவு மேளம் ஓயவில்லை. நிரந்தரத் தொழிலாளியும் காண்டிராக்ட் தொழிலாளியும் ஒரே தீயில் வெந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2017 நவம்பர் 1ந் தேதி, உத்தரப் பிரதேசத்தில் ஊஞ்சாஹார் அனல்மின் நிலையத்தில் இதே மாதிரி முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அதுவும் பொதுத்துறை, இதுவும் பொதுத்துறை.

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தனியார் கெட்டவன், சர்க்கார் நல்லவன் என்று கணக்குப் போட்டுவிட்டு நாம் தூங்கிவிட முடியாது. நெய்வேலி ஜனங்களின் சொத்து. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தட்டுப்பட்ட பழுப்பு நிலக்கரியை வைத்து, சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் எழுந்து 1962ல் ஓடத் தொடங்கியபோது இந்த வட்டாரமே திருவிழாக் கொண்டாடியது. அந்த நிலையம் 2020 செப்டம்பர் 30ந் தேதியோடு நின்றுவிட்டது. பொதுத்துறையைக் காப்பாற்றுகிறவர்கள் நாம்தான். தனியாருக்குத் தாரைவார்க்க நினைக்கிறவர்களோடு ஓயாமல் சண்டை போடுகிறவர்களும் நாம்தான். அதனாலேயே அதற்குள் தொழிலாளி கருகும்போது நமக்கு இரட்டிப்புக் கோபம் வருகிறது.

பாய்லர் சர்டிபிகேட் என்பது அழுத்தம் தாங்கும் குழாயையும் தகட்டையும் பற்றிய விஷயம். வருஷத்தில் ஒரு நாள் பார்த்து எழுதுவது. மீதி நாட்களில் எரியறையில் தூள் எப்படிச் சேருகிறது, நின்ற யூனிட்டை மறுபடி ஏற்றும்போது என்ன அவசரம் காட்டுகிறார்கள், எந்தத் துவாரத்தில் தீப்பொறி வெளியே வருகிறது, எந்த ஷிப்டில் ஆள் குறைவு என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அங்கே நிற்கிற தொழிலாளிக்குத் தெரியும். அவனுக்குத்தான் முதலில் சூடு தெரியும். அவன் காதுக்குத்தான் சத்தம் மாறியது தெரியும். அவன் காண்டிராக்ட் தொழிலாளியாக இருந்தால் வாயைத் திறக்க முடியுமா? நாளைக்கு கேட் பாஸ் கிடைக்காது. 1984 போபால் படுகொலைக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள்: உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி நினைத்தால் நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்க உரிமையுண்டு என்று. தெரிவிக்கலாம்! மிஷினை நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. டைட்டானிக்கை ஒத்துப் பாருங்கள்.

இன்ஸ்பெக்ஷன் எப்படி நடக்கிறது என்று ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் வேண்டாம், நாம் சங்க வேலை பார்த்த ஒரு நூற்பாலையில் இன்ஸ்பெக்டர் வருகிற தேதி மூன்று நாள் முன்பே மேஸ்திரிக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் பல்சக்கரத்துக்கு மூடி வரும். கழற்றி வைத்திருந்த மூடி எங்கிருந்தோ வரும். பஞ்சுத்தூசி உறிஞ்சும் விசிறி சுற்றும். வயது குறைந்த பெண்பிள்ளைகள் பின்கேட் வழியாக ஹாஸ்டலுக்குப் போய்விடுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார், டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார். அவர் கார் திரும்பியதும் மூடியும் கழன்றது, விசிறியும் நின்றது. அந்த மில்லில் ஒரு பெண்ணின் விரல் போன நாள், இன்ஸ்பெக்ஷன் நடந்து பத்து நாள் ஆகியிருந்தது.

எந்த வேளையிலும் முன்னறிவிப்பின்றி இன்ஸ்பெக்டர் தொழிற்சாலைக்குள் நுழையலாம் என்று சொல்கிற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1949லேயே ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இன்றைய ஆட்சியாளர்கள் எந்தத் திசையில் போகிறார்கள்? தொழிற்சாலைச் சட்டம், சுரங்கச் சட்டம், துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 2020ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் இன்ஸ்பெக்டர் வெறும் இன்ஸ்பெக்டர் அல்ல. 'வசதி செய்து கொடுப்பவர்' என்றும் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். யாருக்கு வசதி? மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்தியிருக்கிறார்கள். காண்டிராக்ட் சட்டம் 20 பேருக்கு மேல் என்றிருந்தது 50 ஆயிற்று. கோட்டை அழித்து மேலே போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாய்லர் சட்டமும் தப்பவில்லை. சர்க்கார் இன்ஸ்பெக்டர் மட்டுமே சர்டிபிகேட் கொடுக்கலாம் என்றிருந்ததை 2007 திருத்தம் தளர்த்தி, வெளியிலுள்ள அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களும் பரிசோதிக்கலாம் என்றது. 1923ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025ல் புதிய சட்டம் வந்தபோது அந்த வழி அப்படியே நின்றது. ஏழு வகைக் குற்றங்களில் நான்கை மட்டும் கிரிமினல் குற்றமாக வைத்துக்கொண்டு, மற்றவை அபராதத்தோடு போயிற்று. தொழில் செய்வதைச் சுலபமாக்குகிறோம் என்கிறார்கள். கப்பலில் நூறு வருஷமாக நடக்கும் ஏற்பாட்டைக் கரைக்கு இறக்கியிருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

பிறகு என்னதான் வழி? வேலியே பயிரை மேய்ந்தால் பயிருக்குச் சொந்தக்காரன்தான் காவல் நிற்க வேண்டும். இது புது யோசனையல்ல. 1872லேயே இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்களில் இருவரைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை சுரங்கத்தைச் சோதிக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதவைத்தார்கள். செலவு அவர்களுடையதே, தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுத் தங்கள் இன்ஸ்பெக்டரை வைத்தார்கள்.

நம் நாட்டிலும் சுரங்கத்தில் அது உண்டு. 1952ஆம் வருஷச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் சுரங்கத்தில், யூனியனைக் கலந்து மூன்று 'வொர்க்மென் இன்ஸ்பெக்டர்'களை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. சுரங்க வேலைக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், இயந்திரங்களுக்கு ஒருவர். அவர்கள் பார்த்ததை ரிஜிஸ்தரில் எழுதுவார்கள். நிர்வாகம் பதில் நடவடிக்கையை எழுத வேண்டும். உடனடி ஆபத்தென்றால் சர்க்கார் இன்ஸ்பெக்டருக்கே நேரில் தெரிவிக்கலாம். எத்தனை தொழிலாளிக்கு இது தெரியும்? யூனியன் விழித்திருக்கும் சுரங்கத்தில் அந்த ரிஜிஸ்தர் பேசும். தூங்கும் இடத்தில் 'எல்லாம் திருப்தி' என்று ஒரே கையெழுத்தில் பக்கம் பக்கமாக நிரம்பும். நம் சங்கங்களின் குறையையும் சேர்த்தே சொல்கிறோம். சுரங்கத்தில் இப்படி ஓர் ஆள் உண்டு. அதே நிலக்கரி பெல்ட்டில் ஏறிப் பாய்லர் வாசலுக்குப் போனதும் அந்த ஆள் இல்லை. அங்கே கமிட்டி உண்டு, மீட்டிங் உண்டு, பிஸ்கட் உண்டு. தொழிலாளியின் இன்ஸ்பெக்டர் இல்லை.

கப்பலிலும் ஒரு விதிவிலக்கு உண்டென்று தம்பியிடம் சொன்னோம். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948லிருந்து வாடகைக் கொடிக் கப்பல்களுக்கு எதிராக இயக்கம் நடத்தி வருகிறது. அதற்கு உலகத்தின் பல துறைமுகங்களிலும், இந்தியாவிலும், இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். கப்பலில் ஏறி மாலுமிகளின் சம்பளக் கணக்கைப் பார்ப்பார்கள், சமையல்கட்டைப் பார்ப்பார்கள், பாக்கியை வசூலித்துக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் துறைமுகத் தொழிலாளர்களின் ஒற்றுமையே அவர்களுடைய ஆயுதம். அவர்களுக்குச் சம்பளம் முதலாளி கொடுப்பதில்லை, சங்கம் கொடுக்கிறது. அந்தச் சம்மேளனத்தோடு நமக்குப் பழைய அரசியல் சண்டைகள் உண்டு. அது வேறு விஷயம். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் நியாயமானவை, நடக்கக் கூடியவை. சுரங்கத்திலுள்ள வொர்க்மென் இன்ஸ்பெக்டரைப் புதிய சட்டத்தின் சந்தடியில் கரையவிடக் கூடாது. அனல்மின் நிலையங்களுக்கும், பாய்லர் உள்ள பெரிய ஆலைகளுக்கும் அதை நீட்ட வேண்டும். அந்த மூவரில் ஒருவராவது காண்டிராக்ட் தொழிலாளியாக இருக்க வேண்டும். பதவியில் இருக்கும்வரை அவரது கேட் பாஸில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆபத்தென்று அவர் எழுதினால் மிஷின் நிற்க வேண்டும். அவர் எழுதியது தவறென்று நிர்வாகம் நிரூபித்த பிறகு ஓடட்டும். ஒரு யூனிட் சில மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும். 2020 ஜூலை 1ந் தேதி ஒரு யூனிட் அல்ல, நான்கு யூனிட்டுகளை நிறுத்தச் சொன்னார்கள், ஆட்கள் கருகிய பிறகு.

தம்பிக்கு என்ன பதில் சொன்னோம் என்றால், படி என்றுதான் சொன்னோம். விரிசலைக் கண்டுபிடிக்கும் வித்தை உழைப்பாளியின் கையில் இருக்க வேண்டிய வித்தை. அதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? முழுக் கட்டணத்தையும் முன்னாலேயே கேட்கிற இடத்தில் சேராதே, அந்தச் சர்டிபிகேட் எங்கே செல்லும் என்று விசாரித்துவிட்டுச் சேர், போகிற நாட்டில் பாஸ்போர்ட்டை எவனிடமும் கொடுக்காதே என்றும் சொன்னோம்.

அன்று இரவு அவர் தகப்பனார், ஷிப்ட் முடித்து, தூசி தட்டிய சட்டையோடு நம்மைத் தேடி வந்தார். மகனைப் பற்றிக் கேட்கவில்லை.

"தோழர், பையன் சொன்னான், யூனியன் ஆளே இன்ஸ்பெக்டரா இருக்கலாம்னு விதி இருக்குதாமே. எங்க சுரங்கத்துல யாரு அது? இருவது வருஷமா நான் பார்த்ததே இல்லியே."

நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டார். பிறகு மகனைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். தம்பியின் கையெழுத்து அழகாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில் படிப்பதற்காக மூன்று காப்பி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.